சீசாவில் ஓர் அமெரிக்க ஓட்டக்காரன்

அவனை அழைத்துவர என்னை விமான நிலையத்துக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோவில், மாஃபியா கொன்றுவிடாமல் இருக்க, நீதிபதிகள் குடியிருந்த கட்டடங்களின் வாசல்களில் துப்பாக்கியோடு படையினர் நின்ற காலம். பொலிதேயாமா அரங்குப் பக்கத்தில் வயதான ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் நான் வேலை செய்தேன்; சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சமையல், துப்புரவு, அவரை மருத்துவரிடம் கூட்டிப்போவது எல்லாம் என் பொறுப்பு. அதற்கு முன்பு கொழும்பில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். ஆங்கிலம் அங்கே பழகியது. மனைவியும் மகளும் இன்னும் கொழும்பில்தான் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கான கடதாசிகள் எந்த அலுவலகத்தின் எந்த மேசையில் கிடந்தன என்பது எனக்குத் தெரியாது. போய்க் கேட்டால் கேட்ட இடத்திலும் தெரியாது என்றார்கள்.

சிஞ்ஞோராவின் ஒரே மகன் பல் வைத்தியர். இளமையில் தொலைக்காட்சியில் அமெரிக்க ஃபுட்போல் பார்த்து அதில் பைத்தியமானவர். நாங்கள் ஃபுட்போல் என்று சொல்கிற விளையாட்டு இல்லை அது. தோளுக்கும் நெஞ்சுக்கும் கவசம் பூட்டி, தலைக்கு ஹெல்மெற் போட்டு, முட்டை வடிவப் பந்தை வயிற்றோடு அணைத்தபடி ஒருவன் ஓட, எதிர்ப்பக்கத்தார் பாய்ந்து அவனை நிலத்தில் விழுத்த வேண்டும். வைத்தியர் இந்த விளையாட்டுக்கு நகரத்தில் ஒரு குழுவே நடத்தினார். பல்கலைக்கழக மாணவர்கள், ஒரு வங்கி ஊழியர், ஒரு இறைச்சிக்கடைக்காரர் என்று எல்லோரும் ஆசைக்கு விளையாடுகிறவர்கள். சம்பளத்துக்கு விளையாட வருகிறவன் அந்த அமெரிக்கன் ஒருவன்தான். வைத்தியருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் விளையாட்டுச் சொற்கள். வந்தவனிடம் பசிக்கிறதா என்று கேட்கக்கூட அவருக்கு நான் வேண்டியிருந்தது.

"அமெரிக்காவின்ரை பெரிய லீக்கிலை விளையாடினவன். பலெர்மோவுக்கு இப்பிடி ஒருத்தன் வந்ததே இல்லை," என்று காரைத் தருகிறபோது சொன்னார். அவர் சொன்னது இத்தாலியனில். இந்தக் கதையில் யார் எந்த மொழியில் கதைத்திருந்தாலும் என் ஞாபகத்தில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இருக்கிறது. அந்த அமெரிக்கப் பெடியன் என்னை "நீங்கள்" என்று மரியாதையாகக் கதைத்ததாகக்கூட ஞாபகம். ஆங்கிலத்தில் அப்படி ஒன்று கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

மலை மாதிரி ஒருவன் வருவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தவன் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆனால் கழுத்தும் தொடையும் ஒரே பருமன். கறுப்பு நிறம், இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். காரில் ஏறியதும் ஆசனத்தைப் பின்னால் தள்ளி வலக்காலை நேரே நீட்டி வைத்துக்கொண்டான். கடலையும் மலையையும் பார்த்தபடி நெடுநேரம் வந்தான். பிறகு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்கள் எந்த இடத்திலை விளையாடுறியள்?"

"நான் வீடு துடைக்கிறனான்," என்றேன்.

அவன் சிரித்தான். அந்த ஊரில் என்னோடு சேர்ந்து யாராவது சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

சிஞ்ஞோரா குடும்பத்துக்கு நகரத்தின் சீசா என்கிற பகுதியில் ஒரு சின்ன வீடு சும்மா கிடந்தது. அவனை அங்கே விட்டார்கள். நானும் வேறு தமிழ் ஆட்கள் நாலு பேரும் அதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அந்தக் காலத்தில் சீசாவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மொட்டைமாடித் தாங்கியில் நிரப்பிக் கட்டடம் முழுக்கப் பாவிக்க வேண்டும். வந்த முதல்நாளே அவன் ஷவரைத் திறந்துவிட்டு நின்று தாங்கியைக் காலி செய்துவிட்டான். கீழ்வீட்டுப் பெண் பல்கனியில் நின்று போட்ட சத்தத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை, விளங்கிய பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. மறுநாள் அவனுக்கு ஒரு வாளியும் கோப்பையும் வாங்கிக் கொடுத்து, எப்படி அள்ளிக் குளிப்பது என்று காட்டினேன். அவ்வளவு பெரிய உடம்புக்காரன் வாளிக்குப் பக்கத்தில் குந்த முடியாமல் தடுமாறினான். வலது முழங்கால் மடியவில்லை என்பதை அன்றைக்கே கண்டேன். பயண அலுப்பு என்றான்.

அடுத்த வாரம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்க அவனைக் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் தலைமையகத்துக்கு, கூட்டிப்போனேன். என்னுடைய பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விடியவே போய் வரிசையில் நின்றோம். ஆபிரிக்கர்கள், தூனிசியர்கள், பிலிப்பீனோக்கள், எங்கள் ஆட்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரன் அவன் தோளில் கைவைத்துத் தள்ளி, "நீ பின்னாலை போ," என்றான். அவன் சட்டைப்பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்தான். அதன் அட்டையைக் கண்டதும் பொலிஸ்காரனின் குரல் மாறிவிட்டது. மரியாதைச் சொற்கள் வந்தன. வேறொரு கதவால் அவனை உள்ளே கூட்டிப்போனான். போகிறபோது அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வரிசை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் அலுவல் முடிந்து வெளியே வரப் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவன் எதிர்ப்பக்கத்து மதிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். அவன் வேலை காலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

"ஏன் வீட்டை போகேல்லை?"

"வழி தெரியேல்லை."

வழி தெரியும். முந்தினநாள் தனியே பொலிதேயாமாவரை நடந்து வந்து திரும்பிப் போனவன். இரண்டு பேரும் தெருவில் கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கித் தின்றுகொண்டு நடந்தோம். ஒரு நீதிபதியின் வீட்டு வாசலில் படையினர் நிற்பதைக் கண்டு நான் கொழும்புப் பழக்கத்தில் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போனேன். அவனும் கேள்வி கேட்காமல் கூடவே வந்தான். கொஞ்சத் தூரம் போனபிறகு, "நீங்களும் அப்பிடித்தானோ?" என்றான். "ஓம்," என்றேன்.

பயிற்சிகளுக்கும் ஆரம்பத்தில் நான்தான் மொழிபெயர்க்கப் போனேன். ஊருக்கு வெளியே புல்லுப் பாதி, மண் பாதியான ஒரு மைதானம். முதல் மாலை அவனிடம் பந்தைக் கொடுத்து, முழு வேகத்தில் ஓடச் சொன்னார்கள். ஓடினான். குறுக்கே வந்த வங்கிக்காரர் அவனைப் பிடிக்கப் பாய்ந்தார். ஏதோ மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வங்கிக்காரரின் கழுத்தெலும்பு. அவரைக் காரில் ஏற்றுகிறபோது வலியோடேயே சிரித்து, பெரிய லீக்கின் ஆளிடம் அடிபட்டதை எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். மற்றவர்களும் கைதட்டினார்கள். அவன் மட்டும் ஹெல்மெற்றைக் கழற்றாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றான்.

அதற்குப் பிறகு அவன் பாதி வேகத்தில்தான் ஓடினான். வைத்தியருக்கு அது பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சொன்னான்: "அங்கை என்னைவிட எல்லாரும் பலசாலியள். இஞ்சை நான் தொட்டால் உடையினம். எனக்குச் சரியான அளவிலை ஒரு இடம் இல்லை."

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரத் தொடங்கினான். கோழிக்கறி எவ்வளவு உறைப்பாக இருந்தாலும் சாப்பிட்டான். கண்ணால் நீர் வடிய, இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டுவான். எங்களோடிருந்தவர்களில் மூத்தவர் மன்னார்க்காரர். தேவாலயப் பூசைக்குப் போய்வந்து அவரே சமைப்பார். அவர்தான் ஒருநாள் கேட்டார், "தம்பி, இவன் உண்மையிலை பெரிய ஆளோ, இல்லாட்டி அந்தப் பல்லு டொத்தோரே சும்மா சொல்லுறாரோ? ஒருக்காக் கேளும்."

கேட்டேன். அவன் ஒரு வீடியோ கசற் இருக்கிறது என்றான். அவன் பெரிய லீக்கில் விளையாடியதை அவன் அம்மா வீட்டில் ரீவியிலிருந்து பதிந்து கொடுத்துவிட்டாவாம். வைத்தியர் வீட்டில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெறும் கோடுகள்தான் ஓடினவாம். அமெரிக்கக் கசற் இத்தாலிய டெக்கில் வேலை செய்யாது. அந்தக் குழுவில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும். எங்கள் படக் கசற்றுகள் சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவை. மக்கேதா வீதிக்குப் பின்னால் இருந்த தமிழ்க் கடையில் எந்த நாட்டுக் கசற்றையும் போடக்கூடிய டெக் ஒன்று இருந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் போனோம். பூசை முடிந்து வந்த சனம், படம் வாடகைக்கு எடுக்க வந்த சனம், கடை நிறைய ஆட்கள். அரிசி மூட்டைகளுக்கு மேலே ரீவி இருந்தது. கடைக்காரர் கசற்றை உள்ளே தள்ளினார். நிறத்தோடு படம் வந்தது. பெரிய மைதானம், ஆயிரக்கணக்கில் சனம், பச்சைப் புல். அவன் ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்று, "இப்ப வரும்," என்றான்.

ஒரு கூட்டம் குனிந்து நின்றது. பந்து யாரோ ஒருவனின் கைக்குப் போனது. அவன் வலப்பக்கம் ஓடி, ஒருவனைத் தட்டிவிட்டு, இன்னொருவனிடமிருந்து நழுவி, கொஞ்சத் தூரம் போய் மூன்று பேரின் அடியில் மறைந்தான். அவ்வளவுதான்.

"எது நீ?" என்று மன்னார் அண்ணை தமிழிலேயே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"அதுதான். பந்தோடை ஓடினது."

"முகம் தெரியேல்லையே. ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ."

திருப்பிப் போட்டார்கள். முகம் தெரிய வழியில்லை. ஹெல்மெற்றின் கம்பிகளுக்கு உள்ளே இருட்டு. முதுகில் இலக்கமும் பெயரும் ஒரு கணம் தெரிந்தன. அந்தக் கணத்தில் கடைக்காரர் படத்தை நிறுத்திப் பிடித்தார். எழுத்துகள் நடுங்கிக்கொண்டு நின்றன. கடையிலிருந்த ஒரு அக்கா அதை எழுத்துக்கூட்டி வாசித்து, அவனை நிமிர்ந்து பார்த்து, "ஓம், இவர்தான்," என்றா. சனம் கைதட்டியது. எத்தனை தடவை திருப்பிப் போட்டோமோ தெரியாது. புதிதாகக் கடைக்குள் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள்.

"மிச்சம் எங்கை?" என்று கடைக்காரர் கேட்டார்.

மிச்சம் இல்லை என்றான். பெரிய லீக்கில் அவன் கைக்குப் பந்து வந்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த கிழமை முழங்கால் வீங்கியது. அதற்கடுத்த கிழமை பயிற்சியாளர் அறைக்குக் கூப்பிட்டு, இனி வரத் தேவையில்லை என்றாராம். ஓட்டக்காரர் கூடிப்போச்சு, அதுதான் காரணம் என்றான்.

சனம் கலைந்த பிறகும் கசற் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அம்மா பதிவை நிறுத்த மறந்திருக்க வேண்டும். விளையாட்டு முடிந்து, விளம்பரம் வந்து, உள்ளூர்ச் செய்தியில் காலநிலை சொன்னார்கள். ஒரு வரைபடம், அதில் மேகப் படங்கள். நாங்கள் வெளிக்கிட்டோம். அவன் வரவில்லை. ஓட்டத்தைப் பார்த்ததைவிட உன்னிப்பாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரைபடத்தின் ஒரு மூலையில் விரலை வைத்து, "எங்கடை ஊர். மழையாம்," என்றான். அது எந்த ஆண்டின் மழையோ.

ஊர்ப் போட்டிகள் இரண்டில் அவன் விளையாடினான். முதலாவதில் பாதி வேகத்திலேயே மூன்று நாலு முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். பார்க்க வந்தவர்கள் விளையாடுகிறவர்களின் அம்மாக்களும் காதலிகளும்தான். சிஞ்ஞோராவும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு காரில் இருந்து பார்த்தார். இரண்டாவதில் பந்தைக் கையில் வாங்கித் திரும்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. பக்கத்தில்கூட ஆள் இல்லை. அப்படியே மடிந்து விழுந்தான். எழும்பவில்லை.

மருத்துவமனையில் பல் வைத்தியரும் நானும் கூட நின்றோம். எலும்பு வைத்தியர் வயதானவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை ஏற்கெனவே வெட்டித் தைச்சிருக்கு. எப்ப எண்டு கேளுங்கோ," என்றார். கேட்டேன். அவன் கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டக்காரர் கூடியதால் அனுப்பவில்லை. அங்குள்ள மருத்துவர்களே இனி விளையாடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நாட்டில் எந்தக் குழுவும் அவனை எடுக்காது. கால் சோதிக்காமல் எடுக்கிற இடம் எங்கே இருக்கிறதென்று தேடித்தான் பலெர்மோவுக்கு வந்திருக்கிறான்.

"இதையும் சொல்லவோ?" என்று மெதுவாகக் கேட்டேன். பல் வைத்தியர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் அவருக்கு விளங்கும்."

சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கட்டிலின் காலடியில் அமர்ந்து, முகத்தைக் கையால் தேய்த்துவிட்டு, "நான் கேட்டிருக்க வேணும். கேட்டால் இல்லை எண்டு சொல்லிப்போடுவான் எண்ட பயத்திலை கேக்காமல் விட்டனான்," என்றார். அதை அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது, அவன் அவர் பக்கம் கையை நீட்டினான். இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள்.

ஆனாலும் குழுவுக்கு ஓர் ஓட்டக்காரன் வேண்டும். கொஞ்ச நாளில் இன்னொரு அமெரிக்கன் வந்தான். வெள்ளைக்காரப் பெடியன், நல்லவன். அவனுக்குச் சீசா வீடு தேவைப்பட்டது. இவனுக்குத் திரும்பிப் போக ரிக்கெற் தருகிறேன் என்று வைத்தியர் சொன்னார். இவன், விளையாட்டுப் பருவம் முடியும்வரை இருக்கிறேன் என்றான். ஏன் என்று சொல்லவில்லை. மன்னார் அண்ணை, "எங்களோடை கிடக்கட்டும்," என்றார். எங்கள் முன்னறையில் இரண்டு மெத்தையைச் சேர்த்துப் போட்டோம். ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான்.

நாங்கள் எல்லோரும் காலையில் வேலைக்குப் போய்விடுவோம். நாள் முழுக்க அவன் தனியே. நான் வருகிறபோது வெங்காயம் உரித்து, வெட்டி, ஒரு சட்டி நிறைய வைத்திருப்பான். ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமை போதும். "இவ்வளவு ஏன்?" என்றால், "நேரம் போகேல்லை," என்பான். சில நாட்களில் பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தெருவில் நின்று நின்று போகும் நகரப் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைச் சிரிக்க வைக்க நாங்கள் ஐந்து பேரும் முயன்றோம். சிரிப்பான். நாங்கள் வேறு பக்கம் திரும்பியதும் முகம் பழையபடி ஆகிவிடும். எனக்கு அது தெரிந்த முகம். முகச்சவரம் செய்கிறபோது கண்ணாடியில் காண்பது.

ஒரு ஞாயிறு, போட்டி பார்க்கப் போகவேண்டும் என்றான். உள்ளே போகச் சம்மதிக்கவில்லை. வேலிக்கு வெளியே, கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். புதியவன் நன்றாக ஓடினான். ஒருமுறை இடப்பக்கம் வெட்டித் திரும்பி, கடைசிவரை ஓடி முடித்தான். இவன், "நல்ல ஓட்டம்," என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வருகிற வழியில் தொலைபேசி நிலையத்துக்குப் போனோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஞாயிறுகளில் ஊருக்குக் கதைப்பது அங்கேதான். அவனும் கிழமைக்கு ஒருதடவை அம்மாவுக்கு எடுப்பான். கூண்டின் கதவு சரியாகச் சாத்தாது. முறைக்காகப் பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"ஓம் அம்மா, இண்டைக்கும் விளையாடினனான். இடப்பக்கம் வெட்டித் திரும்பினன், ஒருத்தராலும் பிடிக்க ஏலேல்லை. கடைசி மட்டும் ஓடினனான். கால் நல்லா இருக்கு. வடிவா இருக்கு."

வெளியே வந்தவன் என்னைக் கண்டான். நான் கேட்டது அவனுக்குத் தெரியும். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் உள்ளே போய்க் கொழும்புக்கு எடுத்தேன். மகள் படுத்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள்.

"என்னப்பா, குரல் ஒருமாதிரிக் கிடக்கு?"

"லைன் சரியில்லை," என்றேன்.

வெயில் கடுமையாகத் தொடங்கியபோது பருவம் முடிந்தது. வைத்தியரே அவனை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். எனக்குச் சிஞ்ஞோராவை விட்டுப் போக முடியவில்லை. காலையில் வேலைக்கு வெளிக்கிடுகிறபோது முன்னறையில் அவன் எழும்பி இருந்தான். மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டிருந்தான். கட்டிப்பிடித்தான். என் விலா எலும்பு நொந்தது. வங்கிக்காரருக்குப் பிறகு அவ்வளவு பலத்தையும் அவன் அந்த ஊரில் யாரிடமும் பாவித்ததை நான் கண்டதில்லை. "அம்மாவுக்குச் சொல்லு," என்றேன். தலையாட்டினான்.

மாரி தொடங்குகிற நேரம் சிஞ்ஞோரா வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவன்தான். வைத்தியரிடம் இலக்கம் வாங்கி வைத்திருந்தானாம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன் என்றான். கால் மடிக்காமல் ஓட்டக்கூடிய மாதிரி ஆசனத்தைத் தள்ளி வைத்திருக்கிறானாம்.

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான். வீட்டுக்கு வந்த அண்டைக்கே. நான் விளையாடுறன் எண்டு சொன்ன ஒவ்வொரு ஞாயிறும் அவ காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடாமல், நான் ரெலிபோன் எடுக்குமட்டும் பயந்துகொண்டு இருந்தவவாம். ஒருநாளும் அவவுக்கு அந்த விளையாட்டுப் பிடிக்கேல்லையாம். எனக்காகத்தான் கசற்றெல்லாம் பதிஞ்சவ. நான் அவவைச் சந்தோசப்படுத்துறன் எண்டு நினைச்சு அவ்வளவு ஞாயிறும் பட்டினி போட்டிருக்கிறன்."

"இப்ப சாப்பிடுறாவோ?" என்று கேட்டேன்.

"வடிவாச் சாப்பிடுறா," என்றான். சிரித்தான் போலிருந்தது. தூரத்து லைனில் அது சிரிப்பா மூச்சா என்று பிரித்தறிய முடியவில்லை. என் மனைவியின் கடதாசிகளைப் பற்றிக் கேட்டான். இன்னும் இல்லை என்றேன். "வரும்," என்றான். அவர்கள் வந்துசேர இன்னும் ஒரு மாரி போகவேண்டியிருந்தது என்பது அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது. பிறகு லைன் அறுந்தது. அவன் திரும்ப எடுக்கவில்லை. என்னிடம் அவன் இலக்கம் இல்லை.

உள்ளறையிலிருந்து சிஞ்ஞோரா, "யார் எடுத்தது? எனக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை சிஞ்ஞோரா, எனக்கு," என்றேன். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கென்று வந்த முதல் அழைப்பு அது.